ஊராட்சியின் பணமும் ஊரின் கையெழுத்தும்

கோடையின் நடுவில் ஒருநாள் ஆழ்துளைக் கிணற்று மோட்டார் எரிந்துபோகிறது. டேங்க் ஆபரேட்டர் விடியற்காலையில் சுவிட்சைப் போட்டுப் பார்த்துவிட்டு ஊராட்சி செயலருக்குப் போன் செய்கிறார். செயலர் தலைவருக்குச் சொல்கிறார். அதற்குள் தெருக்குழாயடியில் குடங்கள் வரிசையாக நின்றுவிடுகின்றன. மோட்டாரை மேலே தூக்க ஆள் வேண்டும், எரிந்த காயிலை (கம்பிச்சுருளை) மாற்றிக் கட்ட டவுனுக்கு அனுப்ப வேண்டும், அது திரும்பி வரும்வரை டிராக்டரில் தண்ணீர் கொண்டுவர வேண்டும். ஒவ்வொன்றுக்கும் பணம் தேவை. குழாயடியில் நிற்பவர்கள் கேட்பது ஒரே கேள்விதான்: "பஞ்சாயத்துல பணம் இல்லையா?" தமிழ்நாட்டின் பன்னிரண்டாயிரத்துக்கு மேற்பட்ட கிராம ஊராட்சிகளில் பெரும்பாலானவற்றில் இந்தக் கேள்விக்கு உண்டு, இல்லை என்று ஒரே சொல்லில் பதில் சொல்ல முடியாது. வங்கிக் கணக்கில் பணம் இருக்கும், ஆனால் அந்த வேலைக்கு அதை எடுக்க முடியாமல் இருக்கும். எடுக்கலாம் என்ற நிலை இருந்தாலும், எடுப்பதற்கு வேண்டிய இரண்டாவது கையெழுத்து கிடைக்காமல் இருக்கும். ஒரு சிற்றூரின் ஆட்சி நடப்பதும் நின்றுபோவதும் இந்த இடத்தில்தான்.

பணத்துக்குள் போகுமுன் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். ஊருக்குள் அரசாங்கம் என்று தெரிகிற எல்லாமே ஊராட்சி அல்ல. பட்டா, சிட்டா, நத்தம், புறம்போக்கு ஆகியவை வருவாய்த் துறையைச் சேர்ந்தவை. அவற்றுக்கு ஊரில் இருப்பவர் கிராம நிர்வாக அலுவலர், அவருக்கு மேலே வட்டாட்சியர். ரேஷன் கடையை நடத்துவது பெரும்பாலும் கூட்டுறவுச் சங்கம். நூறு ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு (பாசன நிலம்) உள்ள கண்மாய் நீர்வளத் துறையின் பொறுப்பு, அதற்குக் குறைந்தது ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. ஊரணியும் குளமும் குட்டையும்தான் ஊராட்சிக்கு வருகின்றன. தெருவிளக்கு ஊராட்சியுடையது, அது தொங்குகிற கம்பமும் அதற்கு வரும் மின்கம்பியும் மின்வாரியத்துடையவை. ஊர்த்தெரு ஊராட்சியுடையது, ஊரை அடுத்த ஊரோடு இணைக்கும் சாலை ஒன்றியத்துடையதாகவோ நெடுஞ்சாலைத் துறையுடையதாகவோ இருக்கலாம். இந்தப் பிரிவினை தெரியாததால், கண்மாய்க் கரை உடைந்ததற்கு ஊராட்சி செயலரைத் திட்டுகிறவர்களும், தெருவில் சாக்கடை தேங்கியதற்குத் தாலுகா அலுவலகத்தில் மனு கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருப்பவர்களும் எல்லா ஊரிலும் உண்டு. தவறு அவர்களுடையது அல்ல. எந்த வேலை யாருடையது என்பதை எழுதி ஊரின் நடுவில் ஒரு பலகை வைத்திருக்கும் ஊர்களை நான் மிகக் குறைவாகவே பார்த்திருக்கிறேன்.

சட்டத்தின் பின்னணி நீளமானது, இங்கே தேவையானது கொஞ்சம்தான். அரசமைப்புச் சட்டத்தின் 73ஆவது திருத்தம் 1993 ஏப்ரல் 24 அன்று நடைமுறைக்கு வந்தது. அதையொட்டி எழுதப்பட்ட தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994இல் வந்தது. திருத்தத்தோடு சேர்க்கப்பட்ட பதினோராவது அட்டவணையில் வேளாண்மை, சிறுபாசனம், குடிநீர், தொடக்கக் கல்வி, சுகாதாரம் என 29 துறைகள் பட்டியலிடப்பட்டுள்ளன. ஆனால் அவற்றை ஊராட்சிகளுக்குக் கொடுத்தே ஆக வேண்டும் என்று பிரிவு 243ஜி சொல்லவில்லை. மாநிலச் சட்டமன்றம் சட்டமியற்றிக் கொடுக்கலாம் என்றுதான் சொல்கிறது. 'கொடுக்க வேண்டும்' என்பதற்கும் 'கொடுக்கலாம்' என்பதற்கும் உள்ள தூரம்தான் இன்று ஒரு ஊராட்சித் தலைவருக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் இடையே உள்ள தூரம். அட்டவணையில் பள்ளிக்கூடம் இருக்கிறது, ஆனால் ஊர்ப் பள்ளியின் ஆசிரியர் வராத நாளில் ஊராட்சி மன்றம் கேட்கக்கூடிய அதிகாரபூர்வமான கேள்வி எதுவும் இல்லை. நடைமுறையில் ஊராட்சியின் கையில் நிற்பவை குடிநீர், தெருவிளக்கு, சுகாதாரம், உள்தெரு, மயானம், சிறு கட்டுமானங்கள் ஆகியவையே. இவை சிறிய வேலைகள் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஒரு வீட்டின் ஒருநாள் எப்படிக் கழியும் என்பதை முடிவு செய்பவை இவைதான்.

இனி பணம். ஊராட்சியின் வருவாயை நான்கு ஓடைகளாகப் பார்க்கலாம். முதலாவது, ஊராட்சி தானே வசூலிப்பது: வீட்டு வரி, தொழில் வரி, குடிநீர்க் கட்டணம், உரிமக் கட்டணங்கள், கட்டட அனுமதிக் கட்டணம், சந்தை அல்லது மீன்பாசி (மீன்பிடி) குத்தகை. இரண்டாவது, அரசு வசூலித்து ஊராட்சிக்குப் பங்கிட்டுத் தருவது. பத்திரப்பதிவின்போது முத்திரைத் தீர்வையோடு சேர்த்து வாங்கப்படும் கூடுதல் வரியும், கல், கிராவல் போன்ற சிறுகனிமங்களின் உரிமத் தொகையும் இதில் அடங்கும். மூன்றாவது, மாநில நிதிக்குழு பரிந்துரைப்படி வரும் மானியம். நான்காவது, மத்திய நிதிக்குழு மானியம். இவற்றுக்கு வெளியே, வீடு கட்டும் திட்டம், ஊரக வேலைத் திட்டம் என்று பெயர் தாங்கி வரும் திட்டப் பணம் தனி. அது ஊராட்சியின் வழியாகப் போகிறதே தவிர, ஊராட்சியின் விருப்பப்படி போவதில்லை.

நான்கு ஓடைகளில் ஊராட்சி தன் விருப்பப்படி மடை திருப்பக்கூடியது முதல் ஓடையை மட்டுமே என்று சொல்லிவிடலாம். அதுவோ ஒரு சிற்றூரில் கோடைக்கால வாய்க்கால் போலத்தான் இருக்கும். முந்நூறு வீடுகள் உள்ள ஊரில் வீட்டு வரி முழுவதும் வசூலானாலும் ஒரு சிமெண்ட் தெரு போட முடியாது. தலைவராக இருப்பவர் வரியை உயர்த்தவும் கண்டிப்பாக வசூலிக்கவும் தயங்குவதற்கும் காரணம் இருக்கிறது. வரி கட்ட வேண்டியவர்கள் அவருடைய சித்தப்பாவும் மாமனும் பக்கத்து வீட்டுக்காரரும்தான். நகராட்சி ஆணையருக்கு அந்தச் சங்கடம் இல்லை.

மத்திய நிதிக்குழு மானியத்தின் நிலைமை வேறு. 2021 முதல் 2026 வரையிலான ஐந்தாண்டுகளுக்கு, 15ஆவது நிதிக்குழு நாடெங்கிலும் உள்ள ஊரக உள்ளாட்சிகளுக்கு 2,36,805 கோடி ரூபாயைப் பரிந்துரைத்தது. அதில் 60 விழுக்காடு நிபந்தனைப் பணம். பாதி குடிநீருக்கும் மழைநீர்ச் சேகரிப்புக்கும், பாதி சுகாதாரத்துக்கும் செலவிடப்பட வேண்டும். எஞ்சிய 40 விழுக்காட்டை ஊரின் தேவைக்கேற்பச் செலவிடலாம், ஆனால் சம்பளத்துக்கும் அலுவலகச் செலவுக்கும் அதைத் தொடக்கூடாது. இந்த நிபந்தனைகளுக்கு நியாயம் உண்டு. ஊருக்கு ஊர் வளைவும் மண்டபமும் கட்டிவிட்டுக் குடிநீரை மறந்த காலத்தைப் பார்த்துத்தான் அவை விதிக்கப்பட்டன. ஆனால் சிற்றூரின் நிலையிலிருந்து பாருங்கள்: புதிய குழாய் பதிக்கப் பணம் இருக்கிறது, அந்தக் குழாயில் தண்ணீர் திறந்துவிடும் டேங்க் ஆபரேட்டருக்குச் சம்பளம் கொடுக்க அந்தப் பணத்தை எடுக்க முடியாது. குப்பைக் கிடங்குக்குப் பணம் இருக்கிறது, அணைந்துபோன பன்னிரண்டு தெருவிளக்குகளுக்கு அதிலிருந்து பல்பு வாங்க முடியாது. அதனால்தான் கணக்கில் லட்சங்கள் இருக்கும்போதே தெரு இருட்டாக இருக்கிறது. வங்கிக் கணக்குகளும் இதற்கேற்பப் பிரிந்திருக்கின்றன. பொது நிதிக்கு ஒன்று, மின் கட்டணத்துக்கும் குடிநீர் வடிகால் வாரியத்துக்குச் செலுத்த வேண்டிய கட்டணத்துக்கும் ஒன்று, திட்டப் பணத்துக்கு ஒன்று என்பது நெடுநாளைய வழக்கம். "பணம் இருக்கா?" என்று கேட்பதற்குப் பதிலாக "எந்தக் கணக்குல எவ்வளவு இருக்கு?" என்று ஒருவர் கேட்டால், ஊராட்சி அலுவலகத்தில் அவருக்கு நாற்காலி எடுத்துப் போடுவார்கள்.

சொந்த வருவாயைப் பெருக்க வழியே இல்லையா என்றால், உண்டு. கோயம்புத்தூர் மாவட்டத்தின் ஓடந்துறை ஊராட்சி 2006 வாக்கில் சுமார் 1.55 கோடி ரூபாய் செலவில் 350 கிலோவாட் திறனுள்ள காற்றாலை ஒன்றை நிறுவியது. அதற்கு ஊராட்சியின் சேமிப்போடு வங்கிக் கடனும் பயன்பட்டது. தன் தேவைக்குப் போக எஞ்சிய மின்சாரத்தை வாரியத்துக்கு விற்கவும் செய்தது. ஓடந்துறையை எல்லா ஊரும் அப்படியே பின்பற்ற முடியாது, காற்று எல்லா ஊரிலும் வீசுவதில்லை. ஆனால் மின் கட்டணம் என்ற மிகப்பெரிய செலவைக் கணக்குப் புத்தகத்தில் கண்டுபிடித்து அதிலிருந்து யோசிக்கத் தொடங்கிய முறை எந்த ஊருக்கும் உதவும்.

அடுத்தது கையெழுத்து. தமிழ்நாட்டில் கிராம ஊராட்சித் தலைவரை வாக்காளர்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஊரக உள்ளாட்சித் தேர்தலில் ஒருவர் கையில் நான்கு வாக்குச்சீட்டுகள் கிடைக்கும், அதில் இளஞ்சிவப்புச் சீட்டு தலைவருக்கானது. தலைவருக்கும் வார்டு உறுப்பினர்களுக்கும் கட்சிச் சின்னம் கிடையாது. வார்டு உறுப்பினர்கள் தங்களுக்குள் ஒருவரைத் துணைத் தலைவராகத் தேர்ந்தெடுக்கிறார்கள். தலைவர்தான் செயல் அலுவலர், ஆனால் காசோலையில் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்திட வேண்டும். மின்னணுப் பரிமாற்றம் வந்த பிறகும் இருவரின் ஒப்புதல் என்ற அடிப்படை மாறவில்லை. ஒருவர் தனியாகப் பணத்தை எடுத்துவிடக் கூடாது என்பதற்காக வைத்த பூட்டு இது. அதே பூட்டு, தேர்தலில் எதிரெதிர் அணியில் நின்ற இருவர் தலைவராகவும் துணைத் தலைவராகவும் வந்துவிட்ட ஊரில், வாரக்கணக்கில் திறக்காது. தூய்மைக் காவலர் சம்பளம் நிற்கும், மோட்டார் காயில் கட்டப்படாமல் கடையில் கிடக்கும். நிலைமை முற்றினால் மாவட்ட ஆட்சியர் தலையிட்டு, கையெழுத்து அதிகாரத்தை வட்டார வளர்ச்சி அலுவலருக்குக் கொடுப்பதுண்டு. ஊர் தன் சண்டையைத் தானே தீர்த்துக்கொள்ள முடியாதபோது அதிகாரம் ஒன்றிய அலுவலகத்துக்குப் போகிறது, போனது திரும்பி வர நாளாகிறது.

கையெழுத்திடும் கை யாருடையது என்பதும் இந்த மாநிலத்தில் இரத்தம் சிந்திய கேள்வி. மதுரை மாவட்டம் மேலவளவில் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முருகேசன், தலித் ஒருவர் அந்த நாற்காலியில் அமரக் கூடாது என்ற வெறியால், 1997 ஜூன் 30 அன்று ஐவரோடு சேர்த்துக் கொல்லப்பட்டார். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டகச்சியேந்தல் ஆகிய நான்கு ஊராட்சிகளில் தனித்தொகுதி ஒதுக்கீட்டை எதிர்த்து, 1996 முதல் பத்தாண்டுகள் தேர்தல் முறையாக நடக்கவே விடப்படவில்லை. 2006இல்தான் நடந்தது. பெண்களுக்கான ஒதுக்கீட்டை அரசமைப்புச் சட்டம் மூன்றில் ஒரு பங்காக வைத்தது, தமிழ்நாடு 2016இல் அதைப் பாதியாக உயர்த்தியது. பெண் தலைவரின் நாற்காலியில் கணவர் அமர்ந்து பேசுகிற ஊர்கள் இன்னும் இருக்கின்றன. ஆனால் முதல் ஆறு மாதம் கணவர் நீட்டிய இடத்தில் கையெழுத்திட்டவர், பதவியின் மூன்றாம் ஆண்டில் "மதிப்பீடு எங்கே, அளவுப் புத்தகம் எங்கே" என்று கேட்கத் தொடங்கியதையும் பார்த்திருக்கிறேன். அந்த மாற்றத்தைக் கொண்டுவந்தது காகிதம்தான். ஒரு வேலைக்கு ஒன்றியப் பொறியாளரின் மதிப்பீடு, நிர்வாக அனுமதி, வேலை முடிந்தபின் அளவுப் புத்தகத்தில் பதிவு, அதன்பின் பில் என்ற வரிசை உண்டு. இந்த வரிசையைக் கற்றுக்கொண்டவரை ஏமாற்றுவது கடினம்.

கணக்குக் கேட்பது நமக்குப் புதிதல்ல. உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள், ஏறத்தாழ 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை, குடவோலை முறைக்காகவே எப்போதும் எடுத்துக்காட்டப்படுகின்றன. ஓலை குடத்தில் போட்ட முறையைவிட அவற்றில் என்னை நிறுத்தியது வேறொரு விதி. வாரியம் என்ற நிர்வாகக் குழுவில் உறுப்பினராக இருந்து கணக்குக் காட்டாமல் போனவர் மட்டுமல்ல, அவருடைய நெருங்கிய உறவினர்களும் மீண்டும் வாரியத்துக்கு வரத் தகுதியில்லை. நிலமும் மனையும் கல்வியும் உள்ள பிராமண ஆண்கள் மட்டுமே இருந்த சபை அது, அதை இன்றைய மக்களாட்சிக்கு முன்மாதிரியாகக் காட்ட நான் விரும்பவில்லை. ஆயினும் கணக்குக் காட்டாதவர் மீண்டும் பதவிக்கு வரக் கூடாது என்பதைக் கல்லில் வெட்டிவைக்கும் அளவுக்கு அவர்கள் அஞ்சியிருக்கிறார்கள் என்பதை மறுக்க முடியாது.

இன்றைக்கு அந்தக் கணக்கைக் கேட்கும் இடம் கிராம சபை. ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயருள்ள ஒவ்வொருவரும் அதன் உறுப்பினர். யாரும் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை, யாரும் நீக்கவும் முடியாது. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கு நாள்களில் நடந்துவந்த கூட்டத்தோடு, 2022 முதல் மார்ச் 22, நவம்பர் 1 ஆகிய இரு நாள்களும் சேர்க்கப்பட்டன. ஏழு நாள் முன்னறிவிப்பு வேண்டும். 500 பேர்வரை மக்கள்தொகை உள்ள ஊராட்சியில் 50 பேரும், 3,000 வரை 100 பேரும், 10,000 வரை 200 பேரும், அதற்கு மேல் 300 பேரும் வந்தால்தான் கூட்டம் செல்லும். ஊராட்சியின் வரவு செலவுத் திட்டமும் வளர்ச்சித் திட்டமும் சபையின் ஒப்புதலுக்கு வைக்கப்பட வேண்டும். ஆண்டு வரவு செலவு படிவம் 30இல் எழுதி முன்வைக்கப்பட வேண்டும். அந்த ஒரு படிவத்தைக் கையில் வாங்கி, மின் கட்டணத்துக்கு எவ்வளவு, மோட்டார் பழுதுக்கு எவ்வளவு, பிளீச்சிங் பவுடருக்கு எவ்வளவு என்று விரல் வைத்துப் பார்ப்பதுதான் கிராம சபையின் உண்மையான வேலை என்பது என் கருத்து.

நடப்பது பெரும்பாலும் வேறு. மாவட்டத்திலிருந்து ஒரே மாதிரியான பொருள் பட்டியல் எல்லா ஊராட்சிக்கும் வருகிறது: டெங்கு தடுப்பு, நெகிழி ஒழிப்பு, மழைநீர்ச் சேகரிப்பு, குடிநீர் இணைப்பு, இன்னும் பல. எல்லாம் நல்ல பொருள்கள்தான். ஆனால் பதினைந்து பொருள்களைப் படித்து முடிப்பதற்குள் வெயில் ஏறிவிடுகிறது, ஊரின் சொந்தப் பொருள் 'இதர' என்ற கடைசி வரிக்குத் தள்ளப்படுகிறது. வருகைப் பதிவேடு சுற்றி வருகிறது. வந்ததற்கு இடுகிற கையெழுத்தும், தீர்மானத்துக்கு ஒப்புதலாக இடுகிற கையெழுத்தும் ஒரே நோட்டில் அடுத்தடுத்து விழுகின்றன. தீர்மானம் எழுத வேண்டிய பக்கத்தில் பாதி வெறுமையாக இருக்கும்போதே கீழே கையெழுத்துகள் நிறைந்துவிடுவதுண்டு. இதில் எப்போதும் களவு இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. பெரும்பாலும் செயலருக்கு நேரமில்லை, வீட்டுக்குப் போய் ஆற அமர எழுதிக்கொள்ளலாம் என்ற எண்ணம்தான். ஆனால் கையெழுத்துக்குப் பிறகு எழுதப்பட்ட தீர்மானம் ஊரின் தீர்மானம் அல்ல.

தென் மாவட்டம் ஒன்றில், பள்ளிக்கூட வராண்டாவில் நடந்த ஓர் அக்டோபர் கூட்டத்தில், பதிவேடு ஒரு மூதாட்டியிடம் வந்தது. மைப்பெட்டியை நீட்டிய செயலரிடம் அவர், "எங்க தெரு பைப்பை எழுதிட்டியா தம்பி?" என்று கேட்டார். "எழுதிக்கிறேன் அப்பத்தா" என்றார் செயலர். "எழுதிப் படிச்சுக் காட்டு. பெறகு கைநாட்டு வைக்கிறேன்" என்று விரலை மடக்கிக்கொண்டார். கூட்டத்துக்கு அரசின் சார்பில் வந்திருந்த பற்றாளரும் எழுதச் சொல்லிவிட்டார். காலனித் தெருவில் கடைசி நான்கு வீட்டுக்குக் குழாய் நீட்டிப்பது என்று இரண்டு வரி, எண் போட்டு எழுதப்பட்டது, சத்தமாகப் படிக்கப்பட்டது. அதன் பிறகுதான் அந்தக் கட்டைவிரல் தாளில் பதிந்தது. அவருக்குப் பின்னால் நின்ற மூன்று பெண்களும் தங்கள் பொருளை எழுதச் சொன்னார்கள்.

எழுதப்பட்ட தீர்மானத்துக்கு எவ்வளவு வலிமை என்பதில் இரண்டு பக்கமும் மிகை இருக்கிறது. ஊரின் குழாய், விளக்கு, பயனாளிப் பட்டியல், வளர்ச்சித் திட்டம் ஆகியவற்றில் சபையின் தீர்மானம் அடித்தளம். அதில் இடம்பெறாத வேலையைத் திட்டத்தில் சேர்ப்பதும், இடம்பெற்றதை ஒதுக்குவதும் நிர்வாகத்துக்கு எளிதல்ல. மதுக்கடை, நிலம் கையகப்படுத்துதல் போன்றவற்றில் நிலைமை வேறு. பரந்தூர் விமான நிலையத்துக்கு எதிராக ஏகனாபுரம் கிராம சபை திரும்பத் திரும்பத் தீர்மானம் நிறைவேற்றியது, ஆனால் நிலமெடுப்பு நடவடிக்கை அதனால் நிற்கவில்லை. ஒடிசாவின் நியமகிரி மலையிலோ 2013இல் பன்னிரண்டு கிராம சபைகளும் பாக்சைட் சுரங்கம் வேண்டாம் என்று சொன்ன பிறகு திட்டம் நின்றது. காரணம், 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் சபைக்குக் கொடுத்த உரிமையை வைத்து, அந்தச் சபைகளே முடிவெடுக்கட்டும் என்று உச்ச நீதிமன்றம் அதே ஆண்டு ஏப்ரலில் உத்தரவிட்டிருந்தது. ஒரு தீர்மானம் எந்தச் சட்டத்தின் தோளில் நிற்கிறதோ அவ்வளவுதான் அதன் உயரம். தோள் இல்லாத தீர்மானமும் வீண் அல்ல. நீதிமன்றத்துக்குப் போகும்போது ஊர் முன்பே என்ன சொன்னது என்பதற்கு அது தேதியிட்ட சான்று.

தலைவரும் உறுப்பினரும் இல்லாத காலத்தில் இந்தச் சான்றின் தேவை இன்னும் கூடுகிறது. தமிழ்நாட்டில் 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்தபோது புதிய தேர்தல் நடக்கவில்லை. மூன்றாண்டுக்கு மேல் தனி அலுவலர்கள் நிர்வகித்தார்கள், தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இல்லாததால் மத்திய நிதிக்குழு மானியமும் நிறுத்தி வைக்கப்பட்டது. 2019 டிசம்பர் 27, 30 தேதிகளில் 27 மாவட்டங்களுக்கும், 2021 அக்டோபரில் எஞ்சிய ஒன்பது மாவட்டங்களுக்கும் தேர்தல் நடந்தது. முதல் தொகுதியின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5ஆம் தேதியோடு முடிந்து, அந்த ஊராட்சிகள் மீண்டும் தனி அலுவலர் பொறுப்புக்குப் போயின. தனி அலுவலராக இருப்பவர் வட்டார வளர்ச்சி அலுவலர். ஒன்றியத்தில் உள்ள பல ஊராட்சிகளுக்கும் அவர் ஒருவரே. ஐந்தாண்டுக்குள் தேர்தலை முடிக்க வேண்டும் என்று அரசமைப்புச் சட்டத்தின் பிரிவு 243இ தெளிவாகச் சொல்லியிருக்கும்போது இந்த இடைவெளிகள் மீண்டும் மீண்டும் நேர்வதை என்னால் ஏற்க முடியவில்லை. மோட்டார் எரிந்த அன்று காலையில் ஊருக்குள் நடந்துபோய்க் கதவைத் தட்ட ஒரு வீடு இல்லாமல் போகிறது.

ஆனால் மன்றம் கலைந்தாலும் சபை கலைவதில்லை. வாக்காளர் பட்டியல் இருக்கும்வரை கிராம சபை இருக்கிறது, கூட்டத்தைக் கூட்டும் பொறுப்பு தனி அலுவலருக்கு வந்துவிடுகிறது. தீர்மானத்தின் நகலும் படிவம் 30இன் நகலும் கேட்டுக் கிடைக்காவிட்டால், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் பிரிவு 6இன்படி, பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டிய ஒரு வெள்ளைத்தாள் போதும். முப்பது நாளுக்குள் பதில் வர வேண்டும், பதிவேட்டை நேரில் பார்வையிடவும் கேட்கலாம். விண்ணப்பத்தில் கூட்டத்தின் தேதியையும் தீர்மானத்தின் எண்ணையும் குறிப்பிட்டுக் கேட்டால், அப்படி ஒன்று இல்லை என்று சொல்லித் தட்டிக்கழிக்க முடியாது. அதனால்தான் கூட்டம் முடிந்து எழுந்திருக்குமுன் அந்த எண்ணைக் கேட்டு, வரி ரசீதின் பின்புறத்திலாவது எழுதி வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.